டெலீட் பண்ணா மட்டும் ஃபைல் சின்னதாகாது: அக்காவோட அவுட்லுக் நிரம்பினப்ப

போன புதன்கிழமை ராத்திரி பத்து மணி வாக்குல அக்கா போன் பண்ணா. குரலே சரியில்ல. "டேய், காலைல இருந்து ஒரு மெயில்கூட உள்ள வரலடா. நெட்டு நல்லாத்தான் இருக்கு. ஃபைல் மேக்ஸிமம் சைஸுக்கு வந்துடுச்சுன்னு ஒரு பாக்ஸ் வருது, ஓகே குடுத்தா போயிட்டு திரும்ப வந்து நிக்குது." எதாவது டெலீட் பண்ணியாக்கான்னு கேட்டேன். "மத்தியானத்துல இருந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன், நாலாயிரத்துக்கு மேல போயிடுச்சு, ஃபைல் சைஸ் அப்படியேதான் நிக்குது"ன்னா. இனிமே எதையும் தொடாதே, அவுட்லுக்கை மூடி வை, காலைல வரேன்னு சொல்லி வச்சுட்டேன்.

இந்தப் போஸ்ட் எழுதறதுக்குக் காரணமே அந்த நாலாயிரம் மெயில்தான். இந்த மெசேஜைப் பார்த்ததும் பதட்டத்துல எல்லாரும் முதல்ல கை வைக்கறது டெலீட் பட்டன்லதான். அதனால உடனே இடமும் கிடைக்கறதில்ல, அவசரத்துல எது எது போச்சுன்னும் தெரியறதில்ல. தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, முதல்ல ஃபைலை ஒரு காப்பி எடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

அக்கா மொழிபெயர்ப்பு வேலை பண்றா. பன்னெண்டு வருஷமா வந்த மெயில், போன மெயில், அதோட ஒட்டிக்கிட்டு வந்த பிடிஎஃப், திருத்தின வேர்ட் ஃபைல், ஸ்கேன் பண்ணின பக்கங்கள்னு எல்லாமே ஒரே பிஎஸ்டி ஃபைலுக்குள்ள, அதாவது அவுட்லுக்ங்கற மெயில் ப்ரோகிராம் எல்லாத்தையும் சேர்த்து வைக்கற ஃபைல். அதுவும் பாப் அக்கவுண்ட், அதாவது மெயிலை சர்வர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கற வகை, இறக்கினதும் சர்வர்ல இருந்து அழிச்சிடுன்னு என்னைக்கோ செட் பண்ணி வச்சது. அப்படின்னா அந்தப் பன்னெண்டு வருஷமும் உலகத்துலேயே அந்த ஒரு லேப்டாப்ல அந்த ஒரு ஃபைல்ல மட்டும்தான் இருக்கு. இது எனக்கு அன்னைக்கு காலைலதான் தெரிஞ்சுது, தெரிஞ்சதும் நிஜமாவே பயமா இருந்துச்சு.

டாக்குமெண்ட்ஸுக்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பிஎஸ்டி பொதுவா அங்கதான் இருக்கும். பார்த்தா 47 ஜிபி சொச்சம். "லிமிட்டு 50னுதானே சொல்றாங்க, இன்னும் ரெண்டு ரெண்டரை ஜிபி இருக்கேடா"ன்னு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. அவுட்லுக் 2010ல இருந்து ஒரு பிஎஸ்டி ஃபைல் அதிகபட்சம் 50 ஜிபி வரைக்கும் வளரலாம், 2003லயும் 2007லயும் அது 20 ஜிபியா இருந்துச்சு. ஆனா இதுக்குள்ள ரெண்டு கோடு இருக்கு. விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸை வச்சிருக்கற ரெஜிஸ்ட்ரி பாஷைல ஒண்ணு மேக்ஸ்லார்ஜ்ஃபைல்சைஸ், 51200 எம்பி, அதான் 50 ஜிபி. இன்னொண்ணு வார்ன்லார்ஜ்ஃபைல்சைஸ், 48640 எம்பி, கணக்குப் போட்டா 47.5 ஜிபி, முதல் எண்ணுல 95 சதவீதம். பேர்ல வார்னிங்னு இருக்கறதால சும்மா எச்சரிக்கை மட்டும்தான்னு தோணும், அப்படி இல்ல, அந்தக் கோட்டைத் தொட்டதும் புதுசா எதையும் உள்ள சேர்க்க விடாது. மிச்சம் இருக்கற ரெண்டரை ஜிபி அந்த ஃபைல் தன்னோட உள்வேலைக்காக வச்சிக்கறது, நமக்குக் கிடையாது. அவுட்பாக்ஸும் அதே ஃபைலுக்குள்ளதான் இருக்கு, அதனாலதான் அக்காவால புதுசா ஒரு மெயில் எழுதி அனுப்பவும் முடியாம போச்சு.

பழைய ஆளுங்களுக்கு 2 ஜிபி கதை ஞாபகம் இருக்கும். அவுட்லுக் 97ல இருந்து 2002 வரைக்கும் ஆன்சின்னு ஒரு பழைய ஃபார்மட் பிஎஸ்டிதான், அதோட எல்லை 2 ஜிபி. அந்தக் காலத்துல ஃபைல் சத்தம் காட்டாம எல்லையைத் தாண்டிடும், தாண்டினப்புறம் திறக்காது. அதுக்குன்னே மைக்ரோசாஃப்ட் பிஎஸ்டி2ஜிபின்னு ஒரு டூல் குடுத்தாங்க, அது ஃபைலோட ஒரு பகுதியை வெட்டி எல்லைக்குள்ள கொண்டு வரும், வெட்டினதுல இருந்த மெயில் போனது போனதுதான். அதோட ஒப்பிட்டா இப்ப முன்னாடியே நிறுத்திடறது எவ்வளவோ மேல், ஃபைல் கெட்டுப் போகாம முழுசா கைல இருக்கு. இன்னும் அந்தப் பழைய ஃபார்மட் ஃபைலை இழுத்துக்கிட்டே வரவங்க இருக்காங்க, உங்களுக்கு 2 ஜிபி கிட்டயே மெசேஜ் வந்தா காரணம் அதுதான், புது ஃபார்மட்ல ஒரு டேட்டா ஃபைல் உருவாக்கி மெயிலை அதுக்கு மாத்திக்கணும்.

சரி, காப்பி. அவுட்லுக்கை மூடிட்டு, டாஸ்க் மேனேஜர்ல பின்னாடி ஓடலையான்னும் பார்த்துட்டு, 64 ஜிபி பென் டிரைவ்ல போடப் போனேன். காலி டிரைவ், இடம் தாராளமா இருக்கு, ஆனாலும் ஃபைல் ரொம்பப் பெருசுன்னு மறுத்துடுச்சு. பென் டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்துச்சு, அதுல ஒத்தை ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் பண்ணினதும் ஏறிடுச்சு. ஏற ரொம்ப நேரமாச்சு, அதுவரைக்கும் ரெண்டு பேரும் எதையும் தொடாம உக்காந்திருந்தோம்.

அப்புறம்தான் அவுட்லுக்கைத் திறந்தேன். அக்கா அழிச்ச நாலாயிரமும் டெலீடட் ஐட்டம்ஸ்ல உக்காந்திருந்துச்சு, அதாவது அதே ஃபைலுக்குள்ள ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். ஷிஃப்ட் அழுத்திக்கிட்டு டெலீட் பண்ணா நேரா போயிடும், அந்த எரர் பாக்ஸும் அதைத்தான் சொல்லுது, ஆனா யாரு அதை முழுசா படிக்கறாங்க. நான் மொத்தமா காலி பண்ணப் போனேன், ஏதோ மனசுல தோணி, அனுப்பினவங்க பேர் வாரியா அடுக்கிப் பார்த்தேன். விளம்பரம், நோட்டிஃபிகேஷன், பழைய டிக்கெட்டு, அதுக்கு நடுவுல பதினோரு மெயில், எல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்து. அக்காவோட முதல் புத்தகத்தை வரி வரியா திருத்திக் குடுத்த ஆசிரியர். அவர் இறந்து நாலு வருஷம் ஆச்சு. "இது எப்படிடா இதுக்குள்ள வந்துச்சு"ன்னு கேட்டுட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்ல. தேதி வாரியா பழசை மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சப்ப அதுவும் சேர்ந்து வந்திருக்கு. அதை எடுத்து வெளிய வச்சிட்டுத்தான் மத்ததைக் காலி பண்ணினோம்.

காலி பண்ணினதுக்கப்புறமும் விண்டோஸ்ல பார்த்தா அதே 47 ஜிபி. அக்காவுக்கு அழுகையே வந்துடும்போல இருந்துச்சு. இது எல்லாரையும் குழப்பற இடம். மெயில் போன இடம் ஃபைலுக்குள்ளேயே வெற்றிடமா நிக்கும், அடுத்து வர்ற மெயில் அதுல போய் உக்காரும், ஆனா ஃபைல் வெளிய இருந்து பார்க்க அதே பருமன்தான். நோட்டுல எழுதினதை ரப்பர் வச்சு அழிச்சா நோட்டு மெலியுமா, அதே மாதிரி. மெலியணும்னா காம்பேக்ட் பண்ணணும், அதாவது அந்த வெற்றிடத்தை எடுத்துட்டு ஃபைலைச் சுருக்கணும். ஃபைல் மெனு, அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ், அந்த ஃபைலை செலக்ட் பண்ணி செட்டிங்ஸ், அதுல காம்பேக்ட் நவ். கம்ப்யூட்டர் சும்மா இருக்கறப்ப அவுட்லுக்கே கொஞ்சம் கொஞ்சமா இதைப் பண்ணும், ஆனா இவ்வளவு பெரிய ஃபைலுக்கு அதை நம்பி உக்கார முடியாது.

காம்பேக்ட் பண்றதுக்கு முன்னாடி கனம் எங்க இருக்குன்னு பார்த்துடலாம்னு, ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபோல்டர் சைஸ் பார்த்தேன். அக்கா நாள் பூரா சுத்தம் பண்ணினது இன்பாக்ஸை. அது வெறும் 13 ஜிபி. செண்ட் ஐட்டம்ஸ் 26 ஜிபி! நாம அனுப்பற ஒவ்வொரு மெயிலும் அட்டாச்மெண்ட்டோட ஒரு காப்பி அங்க விழுது, யாரும் அந்தப் பக்கம் போறதே இல்ல. ஒரே கையெழுத்துப் பிரதியை ஒன்பது தடவை திருத்தி அனுப்பினா ஒன்பது காப்பி. சைஸ் வாரியா அடுக்கினா அவுட்லுக்கே குரூப் பிரிச்சுக் காட்டும், 5 எம்பிக்கு மேல இருக்கறதை எனார்மஸ்னு தனியா மேல வைக்கும். அந்த ஒரு குரூப்பை மட்டும் எடுத்துக்கிட்டோம். கடைசித் திருத்தத்தை மட்டும் டிஸ்க்ல சேவ் பண்ணிட்டு, மத்ததுல அட்டாச்மெண்ட் மேல ரைட் கிளிக் பண்ணி ரிமூவ் அட்டாச்மெண்ட். மெயில்ல எழுதினது அப்படியே இருக்கும், கனம் மட்டும் போயிடும். ஒரு மெயிலைக்கூட அழிக்காம ரெண்டு மணி நேரத்துல 17 ஜிபி இறங்குச்சு, நாலாயிரம் மெயில் அழிச்சும் கிடைக்காதது.

அப்பவே செண்ட் ரிசீவ் அழுத்தினோம். சர்வர்ல காத்துக்கிட்டிருந்த மெயில் அம்பத்தி மூணு மடமடன்னு இறங்குச்சு, பாப்ல உள்ள எழுத முடியாத மெயிலை சர்வர்ல இருந்து எடுக்காது, அதனால ஒண்ணும் தொலையல. அதுல ஒண்ணு அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்ல வேண்டியது, அக்கா அங்கேயே உக்காந்து எழுதி அனுப்பிட்டா. ராத்திரி காம்பேக்ட்டைப் போட்டு, சார்ஜர் மாட்டி, ஸ்லீப் ஆகாம செட் பண்ணிட்டு வந்தேன். காலைல ஃபைல் 29 ஜிபி.

ரெஜிஸ்ட்ரில அந்த ரெண்டு எண்ணையும் ஏத்தி விட்டா முடிஞ்சுதேன்னு சொல்றவங்க இருக்காங்க. ஏத்தலாம், வார்னை மேக்ஸோட 95 சதவீதத்துக்குள்ள வச்சிக்கணும், அவ்வளவுதான். எதையுமே அழிக்க முடியாம மாட்டிக்கிட்டா, மூச்சு விட கொஞ்சம் இடம் கிடைக்க அது உதவும். அதையே தீர்வா வச்சிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஃபைல் பெருசாக ஆக தேடறது மெதுவாகும், காப்பி எடுக்கறது கஷ்டமாகும், காப்பி எடுக்கறது கஷ்டமானா யாரும் எடுக்க மாட்டாங்க. ஃபைல் கெட்டா ரிப்பேர் பண்ண ஸ்கேன்பிஎஸ்டி இருக்கு, ஆனா அதுவும் ரிப்பேருக்கு முன்னாடி முழு பேக்கப் எடுக்கும், அத்தனை ஜிபி டிஸ்க்ல காலியா இருக்கணும்.

அதுக்குப் பதிலா வருஷ வாரியா பிரிச்சோம். புதுசா டேட்டா ஃபைல் உருவாக்கி, பழைய வருஷத்து மெயிலை ஆயிரம் ஆயிரமா அதுக்குள்ள மூவ் பண்ணி, கடைசில ஒரு தடவை திரும்ப காம்பேக்ட். பழைய வருஷத்து ஃபைலுக்குள்ள இனிமே புதுசா எதுவும் போகப் போறதில்ல, ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்தா போதும். தேடணும்னா அவுட்லுக்ல திறந்துக்கலாம், இல்லன்னா மூடி வைக்கலாம். ஒண்ணு மட்டும், பிஎஸ்டியை நெட்வொர்க் ஷேர்ல வச்சு அங்கிருந்தே திறக்காதீங்க, மைக்ரோசாஃப்டே அதை சப்போர்ட் பண்றதில்லன்னு சொல்றாங்க, ஃபைல் கெட்டுப் போக அதுவே வழி.

ஐமேப், எக்ஸ்சேஞ்ச்னு மெயில் சர்வர்லயே இருக்கற வகை அக்கவுண்ட் வச்சிருக்கவங்களுக்கு இது ஓஎஸ்டி ஃபைல், சர்வர்ல இருக்கறதோட பிரதி. அதுக்கும் அதே 50 ஜிபிதான், ஆனா அங்க மெயில் சர்வர்ல பத்திரமா இருக்கு. எக்ஸ்சேஞ்ச்னா அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல எவ்வளவு மாச மெயில் ஆஃப்லைன்ல இருக்கணும்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை ஒரு வருஷத்துக்கு இழுத்தாலே பெரும்பாலும் சரியாயிடும். அங்க ஞாபகம் வச்சிக்க வேண்டியது, இங்க டெலீட் பண்ணா சர்வர்லயும் போயிடும்.

கிளம்பறப்ப அக்கா, "டேய், நானே ஒண்ணு உருவாக்கட்டுமா, சரியான்னு பாரு"ன்னு சொல்லி, தனியா ஒரு டேட்டா ஃபைல் போட்டு, அதுக்கு அந்த ஆசிரியரோட பேரையே வச்சா. பதினோரு மெயிலையும் ஒவ்வொண்ணா திறந்து பார்த்துத்தான் உள்ள போட்டா. ஃபைல் சைஸ் 6 எம்பிகூட வரல. பென் டிரைவ்ல ஒண்ணு, எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒண்ணு, என்கிட்ட ஒண்ணுன்னு மூணு காப்பி எடுத்துட்டுத்தான் என்னை விட்டா.