நெருக்கடிக்குப் பின் நாடுகளை ஒப்பிடும் வினா: எப்படிப் படித்தேன்

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொருளியல் முடித்தவள் என்ற முறையில், 2008 நிதி நெருக்கடியிலிருந்து நாடுகள் மீண்ட விதத்தை ஒப்பிடச் சொல்லும் வினாவைப் பற்றி, அடுத்துத் தேர்வெழுதும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்கிறீர்கள் என்பதை விடையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். மதிப்பெண்ணின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏற்காட்டில் மழை பொய்த்த ஆண்டின் காபி விளைச்சலோடு அடுத்த ஆண்டை ஒப்பிட்டால் தோட்டம் செழித்துவிட்டதாகத் தோன்றும். அதற்கு முந்தைய நல்ல ஆண்டோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலை புலப்படும். 100 என்ற உற்பத்தி 75 ஆகச் சரிந்தபின் 25 சதவீதம் வளர்ந்தாலும் 93.75ஐத்தான் தொடும், பழைய நிலைக்குத் திரும்ப 33 சதவீதத்துக்கு மேல் வளர வேண்டும். கிரீஸ் தன் உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்கை இழந்ததையும், 2013இல் அங்கு வேலையின்மை 27 சதவீதத்தைக் கடந்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தபோதுதான் அந்நாட்டின் துயரத்தின் அளவு எனக்கு விளங்கியது. ஆகவே, நெருக்கடிக்கு முந்தைய 2007ஆம் ஆண்டின் உற்பத்தியை 100 எனக் கொண்டு நீங்களே ஓர் அட்டவணை போட்டுப் பழகுங்கள்.

அயர்லாந்தை மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுக்கு அந்நாடு முதலில் அறிவித்த வளர்ச்சி 26.3 சதவீதம். பன்னாட்டு நிறுவனங்கள் தம் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கு மாற்றிப் பதிவு செய்ததே அதற்கு முக்கியக் காரணம். மக்களின் வருமானம் அந்த அளவு உயரவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பின்னர் திருத்தியமைத்த மொத்தத் தேசிய வருமானம் என்ற தனி அளவீட்டை உருவாக்க நேர்ந்தது. இதை எழுதினால் விடைக்குத் தனி வலிமை கிடைக்கும்.

யூரோவைப் பயன்படுத்திய கிரீஸ், அயர்லாந்து போலன்றி ஐஸ்லாந்துக்குச் சொந்த நாணயம் இருந்தது; அதன் மதிப்புச் சரிவு ஏற்றுமதிக்கும் சுற்றுலாவுக்கும் உதவினாலும், விலைவாசியை உயர்த்தி, அதோடு இணைக்கப்பட்ட வீட்டுக் கடன்களின் சுமையை ஏற்றியது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

லாட்வியாவில் வேலை தேடிப் பலர் வெளியேறியதால் மக்கள்தொகை குறைந்தது. அதனால் தலா உற்பத்தி (மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது), மொத்த உற்பத்தியைவிட விரைவாக மீண்டதாகத் தெரியும். இரண்டையும் அருகருகே எழுதி, இடைவெளிக்கான காரணத்தையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.