காக்காவின் குசலம்

சாலையோரக் கல்லில் வெள்ளை பூசியிருந்தால் கால் வைக்கலாம், சிவப்பு பூசியிருந்தால் கூடாது. ஆப்கானிஸ்தானில் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் அதுதான். சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி இன்னும் அகற்றப்படாத நிலம். 2007 கடைசியில் அங்கே போனேன். உஸ்பெகிஸ்தானிலிருந்து வரும் மின்சாரத்தை, புல்-இ-கும்ரியிலிருந்து இந்துகுஷ் மலையைத் தாண்டிக் காபூலுக்கு வெளியே சிம்தலா துணைமின் நிலையம் வரை கொண்டுவரும் 220 கிலோவோல்ட் லைன் போடும் வேலை. இந்தியாவின் உதவித் திட்டம். 3,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் சாலங் கணவாய்ப் பக்கம் குளிர்காலத்தில் வேலை செய்வதைவிடப் பனி விலகக் காத்திருப்பதுதான் அதிகம்.

எங்கள் டிரைவரை எல்லோரும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தாரி மொழியில் சித்தப்பா, பெரியப்பா முறைக்கு அப்படிச் சொல்வார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. (கீழக்கரைக்காரர் யாராவது கூட இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார், அவர்களுக்கு அது அண்ணன்.) அகதியாகப் பல வருடம் பெஷாவரில் இருந்ததால் அவருக்கு உருது நன்றாக வரும். எனக்கு வடக்கே சைட்டுகளில் பொறுக்கிய இந்தி. அதை வைத்துக்கொண்டு ஓட்டினோம்.

காலையில் வண்டியில் ஏறியதும் கிளம்ப மாட்டார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்: "கூப் அஸ்தேன்? ஜோர் அஸ்தேன்?" நலமா, தெம்பாக இருக்கிறீர்களா, நன்றாகத் தூங்கினீர்களா, அம்மா எப்படி இருக்கிறார், பிள்ளைகள் எப்படி, வீட்டில் எல்லாம் நல்லபடியா. நானும் அவரைத் திருப்பி இத்தனையும் கேட்க வேண்டும். சாயங்காலம் இறங்கும்போது "மாந்தா நபாஷி" என்பார். களைப்பு அண்டாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். "ஜிந்தா பாஷி", உயிரோடு இரு, என்று நான் பதில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இதெல்லாம் நேரத்தை வீணடிக்கிற வேலை என்றுதான் நினைத்தேன். டீசல் போடணும், செக்போஸ்ட் தாண்டணும், எட்டு மணிக்கு சைட்டில் இருக்கணும். இவர் என் அம்மாவின் முட்டிவலியை விசாரித்துக்கொண்டிருப்பார்.

2008 ஜூலை 7, திங்கட்கிழமை காலை. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் ஜன்னல்கள் ஒரு தடவை அதிர்ந்து அடங்கின. ஊரின் இன்னொரு பக்கம், இந்தியத் தூதரக வாசலில் கார் குண்டு. 58 பேர் செத்தார்கள். அதில் இந்தியர்கள் 4 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். விசாவுக்கு வரிசையில் நின்றவர்கள், அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

பதினொரு மணிக்குக் காக்கா வந்தார். பாதைகளை அடைத்துவிட்டதால் நடந்தே வந்திருந்தார், சட்டையெல்லாம் புழுதி. கேட்டைத் தாண்டியதும் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. நலமா, தெம்பாக இருக்கிறீர்களா, அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா... "காக்கா, இன்றைக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் வரைக்கும் முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "மன்னித்துவிடுங்கள் இன்ஜினியர் சாயிப். நீங்கள் எங்கள் மெஹ்மான், விருந்தாளி. எங்கள் ஊரில் உங்களுக்கு இப்படி நடந்திருக்கக் கூடாது."

காக்காவின் தெருவில் இருந்த தையற்காரர் ஒருவர், மனைவியை டெல்லியில் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அன்று அந்த வரிசையில் நின்றவர், ஒரு காது கேட்காமல் வீடு திரும்பினார். இதை எனக்குச் சொல்ல காக்காவுக்கு இரண்டு நாள் ஆனது. அதுவும் நானாகத் துருவிக் கேட்ட பிறகு. சாவு அவர்கள் வீட்டில், மன்னிப்பு என்னிடம். இந்தக் கணக்கு இன்றுவரை எனக்கு நேராகவில்லை.

குண்டு வெடித்த அன்று சாயங்காலம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவில் வந்தார். கேரியரில் ஏழெட்டு ஜன்னல் கண்ணாடிகள், நடுவில் பழைய ரஜாய்த் துண்டு வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தன. உடைந்த ஜன்னல் எந்த வீடு என்று யாரிடமும் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். எதிர்வீட்டு மாடியில் கண்ணாடி பொருத்தி ஓரத்தில் புட்டி தடவிவிட்டு, கீழே இறங்கி டீ குடித்தார். வீட்டுக்காரர் காசு எண்ணிக் கொடுப்பதற்குள் இருவரும் ஒரு முழுச் சுற்றுக் குசலம் விசாரித்து முடித்திருந்தார்கள்.

அதற்கப்புறம் எங்களுக்குப் புதுச் சுற்றறிக்கை வந்தது. தினமும் ஒரே வழியில் போகாதே, ஒரே நேரத்தில் கிளம்பாதே, போகும் இடத்தை யாரிடமும் சொல்லாதே. சரியான யோசனைதான். காக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் வீடு குன்றுச் சரிவில், தண்ணீர்கூடச் சுமந்துதான் ஏற்ற வேண்டும். ஏறுவதற்கு ஒரே ஒரு வழி. என் ஒப்பந்தத்தில் ஊர் திரும்பும் தேதி போட்டிருந்தது. அவருக்கு அப்படி ஒரு தாளும் இல்லை.

2009 தொடக்கத்தில் லைனில் மின்சாரம் விட்டோம். அதற்கு முன் காபூலில் பல வீடுகளுக்குச் சில மணி நேர மின்சாரமே அபூர்வம், மிச்சத்துக்கு ஜெனரேட்டர் இரைச்சல். ஒரு நாள் இருட்டியதும் காக்காவை அவர் குன்றின் அடிவாரத்தில் இறக்கிவிட்டு நின்றேன். மேலே வீடுகளில் விளக்குகள் திட்டுத்திட்டாக எரியத் தொடங்க, பிள்ளைகள் கத்தின: "பர்க் ஆமத்! பர்க் ஆமத்!" கரண்ட் வந்துவிட்டதாம். எனக்குக் கண் கலங்கியது. காக்கா அலுத்துக்கொண்டார். இனி வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைக்காதாம். தாரியில் பேசும் இந்தி மாமியார் மருமகள் தொடரை விட்டுப் பெண்கள் எழுந்திருக்க மாட்டார்களாம்.

2021 ஆகஸ்டில், காபூல் விமான நிலையத்துக் கூட்டத்தை டிவியில் பார்த்துவிட்டு நாலு நாள் முயன்ற பிறகு அவருடைய லைன் கிடைத்தது. "காக்கா, அங்கே என்ன நடக்கிறது? எல்லோரும் பத்திரமா?" என்று கொட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு நிதானமாக, "முதலில் நீங்கள் சொல்லுங்கள் சாயிப். நலமா? தெம்பாக இருக்கிறீர்களா? அம்மா எப்படி இருக்கிறார்?"

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். பிறகு அவரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில், கரண்ட் இருக்கிறதா என்றேன்.

"வரும், போகும்" என்றார்.