ஒரே ஒரு இலை

ஜூலை 21, 2025, திங்கள்

கும்பகோணம் மாற்றலாகி வந்த பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடுவதே தனி வேலையாக இருக்கிறது. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூறு ரூபாய்க்குள் சோறு, தலைக்கு மேல் டிவி அலறாத இடம், "ஒருத்தர்தானா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்காத சப்ளையர்.

இன்று மகாமகக் குளம் பக்கம் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் நல்ல அமைதி. அப்புறம் "ஃபேமிலி வர்றாங்க மேடம், அந்தப் பக்கம் மாறிக்கிறீங்களா?" என்றார்கள். அந்தப் பக்கம் என்றால் கை கழுவும் இடத்துக்கு நேர் எதிரே. காறித் துப்பும் சத்தத்தோடு ரசம் சாப்பிட்டேன்.

சாப்பாடு 180, வரி 9. ஏசிக்காக வரி கூடிவிட்டது என்று பக்கத்து மேசையில் ஒருவர் புலம்பினார். ஜிஎஸ்டி வந்த புதிதில், 2017 நவம்பர் 14 வரைக்கும் அது சரி. ஏசிக்கு 18 சதவீதம், ஏசி இல்லாத இடத்துக்கு 12. அதன் பிறகு இந்த மாதிரி ஓட்டல்களில் இரண்டுக்கும் 5தான். கூடுதலாகக் கொடுப்பது எல்லாம் முதலாளி போட்ட விலை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு இலையை விட பில்தான் முதலில் கண்ணில் படும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காலையில் காவிரிப் படித்துறைகளில் தர்ப்பணக் கூட்டம். மதியம் பிரியாணிக் கடைக்குப் போகிறவர்களும் சேர்ந்து சைவ ஓட்டலில்தான். என் மேசையில் முன்பின் தெரியாத மூன்று பேர். மேசையைப் பகிர்ந்துகொள்வதில் எனக்கு வருத்தமில்லை, இந்த ஊர் வழக்கம் அது. அவரவர் இலை அவரவருக்கு. ஆனால் எதிரில் இருந்தவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, குறுவைக்கு யூரியா கிடைக்காத கதையைக் கூட்டு வந்ததிலிருந்து மோர் வரைக்கும் பேசினார். அவர் கவலை நியாயம். என் காதும் நியாயம்.

ஜூலை 26, சனி

சனி, ஞாயிறு மட்டும் இந்த ஊரில் கணக்கே வேறு. போன வருஷம் பிப்ரவரியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே இங்கிருந்து நவக்கிரகக் கோயில்களுக்குத் தனிப் பேருந்து விடுகிறது. அது போதாதென்று வெளியூர் வேன்கள். எல்லோரும் விடிகாலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர்கள். அதனால் காலை டிபனும் ராத்திரி டிபனும்தான் நெரிசல், நடுப்பகல் பரவாயில்லை.

ராத்திரி ஒரு பரோட்டாக் கடையை எட்டிப் பார்த்தேன். கல்லில் கொத்து போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. உள்ளே பெண் என்று ஒருவரும் இல்லை. பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

வருமான வரிக் கணக்கு கொடுக்கும் கெடு செப்டம்பர் 15க்குத் தள்ளிப் போனதால் வழக்கமான ஜூலைக் கடைசிப் பதற்றம் இல்லை. இரண்டே முக்காலுக்கு எழுந்து போனேன். மகாமகக் குளம் பக்கத்து அதே ஓட்டல், கீழ்த்தளம், ஏசி கிடையாது. ஹாலில் மொத்தம் மூன்று பேர். கல்லாவுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு இரண்டு பேர் மேசை இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

பொரியல் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அடி ரசம் கிடைத்தது. கரண்டி அடிவரை போய்ப் பருப்போடு எடுத்து வரும் அந்த ரசத்துக்கு முன்னால் பன்னிரண்டரை மணித் தெளிவு ரசம் நிற்காது. அளவுச் சாப்பாடு 95, வரியோடு ஏறக்குறைய நூறு. மூன்று மணிக்கு மேல் டிபனுக்கு மேசை துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரம்தான் கிடைக்கிற அமைதி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே தூக்குவாளியில் கலந்த சாதத்தோடு ஆற்றங்கரையில். ஜூன் 12லேயே மேட்டூர் திறந்ததால் காவிரியில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. ஓட்டல் வெறிச்சென்று கிடந்தது. ஆனால் ஹாஸ்டல் அம்மா கொடுத்த புளியோதரையே போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது! சாரங்கபாணி கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பழைய ஓட்டு வீடு. போர்டு கூட இல்லை, வாசலில் "சாப்பாடு தயார்" என்று ஒரு சிலேட்டு. ரேழியைத் தாண்டினால் முற்றம். முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சுவரைப் பார்த்தபடி நீளப் பலகையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். தனியாக வந்தவர், கூட்டமாக வந்தவர் என்ற பேதமே அங்கே இல்லை, எல்லோருக்கும் எதிரில் சுவர்தான். இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் மற்றவர்களுக்குத் தோன்றவில்லை?

நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். "ஒரு இலையா? உட்காரும்மா" என்றார், அவ்வளவுதான். வாழைத்தண்டுக் கூட்டு, மணத்தக்காளி வத்தக்குழம்பு, ரசம், மோர். பேச்சே கிடையாது. கை காட்டினால் சோறு வரும், மூடினால் நிற்கும். 80 ரூபாய்.

பில் கேட்டதும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். மேலே காம்போசிஷன் என்று ரப்பர் ஸ்டாம்ப், சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி திட்டம். அந்தத் திட்டத்தில் இருக்கிறவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. தன் விற்பனையிலிருந்து தானே கட்ட வேண்டும். 80 என்றால் 80தான். எனக்கு வத்தக்குழம்பு பாதி, இந்த ஸ்டாம்ப் பாதி சந்தோஷம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தினமும் அங்கேதான். எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

வெள்ளிக்கிழமை போனால் வாசல் கதவில் பூட்டு. திரும்ப நடந்து, அந்தக் கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் மேசைக்கே போனேன்.

இன்று விசாரித்தேன். அவர்களுக்கு முதல் தொழில் கல்யாணச் சமையல். ஆடியில் முகூர்த்தம் இல்லை, அதனால் மெஸ் ஒரு நாள் கூட மூடவில்லை. ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாள்களில் மொத்த ஆளும் அண்டா குண்டானோடு மண்டபத்துக்குப் போய்விடுகிறது. சுவரில் தொங்கிய காலண்டரை அந்த அம்மா புரட்டிக் காட்டினார், மூடுகிற நாளுக்கெல்லாம் நீல மையில் சுழி. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"புரட்டாசியில கல்யாணம் வராது, தினமும் உண்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. புரட்டாசியில்தான் எங்களுக்குத் தணிக்கை அறிக்கை நெருக்கடி, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மூன்று மணியாகும். அதுவரை ஒரு இலைக்குச் சோறு எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்குள்ள போன் பண்ணிடு. பண்ணலைன்னா சோத்துல தண்ணி ஊத்திடுவேன், அப்புறம் காலைலதான் வரணும்."