பஃபர் பாட்டில் புராணம்

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கப் போறோம்னா முதல் வேலை போர்வெல்ல இல்லை, பஃபர் பாட்டில்லதான். பஃபர்னா பிஹெச் (அமில-காரத் தன்மை) இவ்வளவுன்னு முன்னாடியே தெரிஞ்ச கரைசல்; பிஹெச் மீட்டர் சரியா காட்டுதான்னு இதுல பாத்துக்கணும். பிஹெச் 7 பஃபர்ல எலக்ட்ரோடை, அதாவது மீட்டரோட உணர்முனையை, முக்கினா மில்லிவோல்ட் பூஜ்யத்தை ஒட்டி நிக்கணும். 4-க்குப் போனா 177 பக்கம் ஏறணும். 160 வரைக்கும் வரவே முக்குதுன்னா எலக்ட்ரோடுக்கு வயசாயிடுச்சு.

10 பஃபரை மட்டும் நான் நம்பவே மாட்டேன். திறந்து வெச்சா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு மெல்ல இறங்கிடும். இதுல மிச்சத்தைத் திரும்ப பாட்டில்லயே ஊத்துற சிக்கன சிகாமணிகள் வேற!

தண்ணியோட மின்கடத்துத்திறனை அளக்கிற ஈசி மீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசல் மட்டும் இங்க பத்தாது. கடல்நீர் உள்ளே ஏறின ஊரு, 12,880 கரைசலும் கையில வேணும். அந்த ரெண்டு எண்ணும் 25 டிகிரி செல்சியஸுக்கு உள்ளது. டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். ஜீப்புக்குள்ள வெந்த பாட்டிலை நிழல்ல வெச்சு ஆறவிட்டு, மீட்டர்ல வெப்பநிலைத் திருத்தம் ஓடுதான்னும் பாத்துக்கங்க.

சாயங்காலம் எலக்ட்ரோடைக் கழுவி, மூடிக்குள்ள 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கொஞ்சம் விட்டுடுங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டா உள்ள இருக்கிற உப்பெல்லாம் வெளிய போயிடும். டிஷ்யூவால தேய்க்காதீங்க, ஒத்தி எடுத்தா போதும்.