கத்திரி வெயிலில் கலர் தோசை: வேலூர் சமையல் நாட்குறிப்பு

3 மே 2025, சனி

நாளைக்குக் கத்திரி தொடக்கம். வேலூரில் இனி மாவு நமக்காகக் காத்திருக்காது. ராத்திரி 9 மணிக்கு ஆட்டி வெளியே வைத்தால் விடியற்காலை 3 மணிக்கே பொங்கிவிடும். காலை 7 மணிக்குத் திறந்தால் மேலே நீர் பிரிந்து, புளிப்பு வாடை மூக்கில் ஏறும். வெள்ளைத் தோசை என்றால் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். காய்கறி நிறம் சேர்க்கிற தோசைக்கு அது நடக்காது. எந்தக் காயின் நிறம் நிற்கும், எது ஓடும் என்பதை மாவின் புளிப்புதான் முடிவு செய்கிறது. அதனால் முதல் குறிப்பு மாவுக்கே.

இட்லி அரிசி 4 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், கெட்டி அவல் ஒரு கைப்பிடி. அரிசியும் வெந்தயமும் 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைக் கழுவி, தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜிலேயே 1 மணி நேரம் ஊறவைக்கவும். ஆட்டும்போது ஐஸ் தண்ணீர்தான். கிரைண்டர் கல் சூடேறினால் உளுந்து உப்பாது. உளுந்துக்கு 25 முதல் 30 நிமிடம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடவும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அவலைக் கடைசி 5 நிமிடம் அரிசியோடு சேர்த்தால் போதும். அரிசி நைஸ் ரவை பதத்துக்கு வந்ததும் இரண்டையும் கலந்து, கல் உப்பு ஒன்றரை டேபிள்ஸ்பூன்.

மதியம் 3 மணிக்கு ஆட்டுங்கள். ராத்திரி 9 மணிக்குள் பொங்கியிருக்கும். உடனே ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். காலையில் வேண்டியதை மட்டும் எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றலாம். ஜில்லென்று ஊற்றினால் கல்லில் பரவாது, நடுவில் திட்டாக நிற்கும்.

4 மே, ஞாயிறு

பீட்ரூட். பலருக்கும் இதுதான் முதலில் கைவிடுகிறது. மாவில் பார்த்தால் அழகான ரோஜா நிறம், கல்லில் வெந்ததும் செங்கல் நிறம்.

பீட்ரூட்டின் சிவப்புக்கு லேசான புளிப்பு பிடிக்கும், நீண்ட சூடு பிடிக்காது. பொங்கிய தோசை மாவு அதற்குத் தோதான இடம். கெடுப்பது தீயும் சோடா உப்பும்தான். ஒரு சிட்டிகை சோடா விழுந்தால்கூடச் சிவப்பு மங்கிப் பழுப்பேறும். கலர் தோசைக்குச் சோடா கூடவே கூடாது.

100 கிராம் பீட்ரூட் ஒன்று. தோல் சீவாமல், காம்பை ஒரு இன்ச் விட்டு, முழுசாகக் குக்கரில் 3 விசில். வெட்டி வேகவைத்தால் நிறமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். ஆறியதும் தோலை உரித்து, காய்ந்த மிளகாய் 2, இஞ்சி அரை இன்ச், சீரகம் அரை டீஸ்பூன் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்கவும். இஞ்சியும் சீரகமும் அந்த மண் வாடையைக் கட்டுப்படுத்தும். 2 டம்ளர் கெட்டி மாவுக்கு விழுது கால் டம்ளர், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் மாவு இளகி, கல்லில் ஒட்டி, திருப்பி போட்டால் பிய்ந்து வரும். தெரியாமல் கூடிவிட்டால் அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன் கலந்து 10 நிமிடம் விட்டால் சரியாகும்.

விழுதைக் காலையில், ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான் கலக்க வேண்டும். ராத்திரியே கலந்தால் பீட்ரூட்டின் சர்க்கரையைத் தின்று மாவு இன்னும் வேகமாகப் புளிக்கும்.

வேகும்போது ஓரத்தைப் பாருங்கள். ஊற்றியவுடன் பளபளவென்று ஈரமாக இருக்கும். ஒரு நிமிடத்தில் மினுமினுப்பு மங்கி, ஓரம் மட்டும் கருஞ்சிவப்பாகும். அங்கிருந்து பழுப்பாக ஆரம்பிக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். மூடி போட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தால் மேல்பக்க நிறம் அப்படியே இருக்கும். முறுகலான பீட்ரூட் தோசைக்கு ஆசைப்பட்டால் நிறத்தை மறந்துவிட வேண்டும்.

5 மே, திங்கள்

கேரட் சாது. கரோட்டின் புளிப்புக்கும் அசையாது, சூட்டுக்கும் அவ்வளவாக அசையாது. 2 டம்ளர் மாவுக்கு 150 கிராம். 8 நிமிடம் ஆவியில் வேகவைத்து அரைத்து, 1 டீஸ்பூன் எண்ணெயில் 2 நிமிடம் வதக்கி ஆறவிட்டுக் கலக்கவும். இந்த நிறம் எண்ணெயில் கரைவது, அதனால் வதக்கினால் மாவு முழுக்க ஒரே சீராகப் பரவும். பச்சையாக அரைத்தால் நார் நிற்கும், மெல்லிசாக இழுக்கும்போது தோசை கிழியும்.

6 மே, செவ்வாய்

பச்சை. பாலக்கீரையை அரைத்துப் புளித்த மாவில் கலந்தால் கல்லுக்குப் போவதற்குள்ளேயே காக்கி நிறம் வந்துவிடுகிறது. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்து அதை வெளியே தள்ளிவிடும், பச்சை மங்கிப்போகும். கீரையைக் கூட்டினாலும் காக்கிதான் கூடும்.

நமக்குச் சித்தூர் பக்கம்தானே, ஆந்திராவின் பச்சைப்பயறு தோசையான பெசரட்டுதான் இதற்கு வழி. பச்சைப்பயறு 1 டம்ளர், பச்சரிசி 2 டேபிள்ஸ்பூன், 6 மணி நேரம் ஊறல். பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு இன்ச், சீரகம் அரை டீஸ்பூன், உப்பு. இந்த மாவு புளிக்க வேண்டியதே இல்லை, அரைத்த கையோடு ஊற்றலாம். பாலக் ஒரு சிறு கட்டு எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் 30 விநாடி மூடாமல் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, ஒட்டப் பிழிந்து பயறோடு அரைக்கவும். நல்ல இலைப் பச்சை. அரைத்த மாவை மதியத்துக்கு என்று வெளியே வைக்க வேண்டாம், இந்த வெயிலில் அதுவும் புளிக்க ஆரம்பிக்கும்.

அரிசி மாவிலேயே பச்சை வேண்டுமென்றால் அரைக்காமல், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தோசைமேல் தூவுங்கள்.

கேவுரு (கேழ்வரகு) மாவு கலந்த தோசைக்கு எந்தக் காயின் நிறமும் எடுபடாது. அது தன் நிறத்தோடேயே நன்றாக இருக்கிறது.

8 மே, வியாழன்

கல். இரும்புக் கல்லோ வார்ப்புக் கல்லோ, கலர் தோசைக்குச் சூடு கொஞ்சம் குறைவு. தண்ணீர் தெளித்தால் துள்ளிச் சிதறும் சூட்டில் முதலில் காயவைத்து, பிறகு தெளித்த தண்ணீர் 'சுர்' என்று அடங்கும் அளவுக்கு இறக்கி ஊற்றவும். காய்களில் சர்க்கரை உண்டு, வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் கருகும். ஒவ்வொரு தோசைக்கும் இடையில் வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கவும். முதலில் வெள்ளை, பிறகு கேரட், பச்சை, கடைசியாகப் பீட்ரூட் என்று வரிசை வைத்தால் ஒன்றின் சாயம் மற்றதில் ஒட்டாது.

9 மே, வெள்ளி

மேலே தூவும் காய். குடைமிளகாய், வெங்காயம், கேரட் துருவல் பச்சையாகவே போகலாம். பீன்ஸை 4 நிமிடம் ஆவி காட்டாமல் போட்டால் தோசை வெந்தும் அது நறுக் நறுக்கென்று நிற்கும். காயில் முன்கூட்டி உப்புப் போடக்கூடாது, நீர் விட்டு தோசை சொதசொதக்கும். மாவு ஈரமாக இருக்கும்போதே தூவி, திருப்பியால் லேசாக அழுத்தினால் உதிராது.

10 மே, சனி

வேலியோரம் பூக்கும் நீலச் சங்குப்பூ. 15 பூவின் இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் கருநீலச் சாறு. அதைப் புளித்த மாவில் ஊற்றினால் ஊதா. நீலமாகவே வேண்டுமென்றால் புளிக்காத மாவு வேண்டும்: பச்சரிசி 1 டம்ளர் ஊறவைத்து, தேங்காய்த் துருவல் கால் டம்ளர் சேர்த்து நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, நீர் தோசையாக ஊற்றலாம். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மட்டும் ஊதாவாகும். பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைக்க இது போதும்.

12 மே, திங்கள்

தொட்டுக்கொள்ள. பீட்ரூட், கேரட் தோசை இரண்டும் லேசாகத் தித்திக்கும், தேங்காய்ச் சட்னி அவற்றுக்குச் சப்பென்று இருக்கிறது. மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னிதான் பொருத்தம்: வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை அரை டம்ளர், காய்ந்த மிளகாய் 4, பூண்டு 2 பல், நெல்லிக்காயில் பாதி அளவு புளி. மல்லாட்டையைச் சிறு தீயில் வறுக்கவும். கருகிய ஒன்றிரண்டை எடுத்துப்போடாவிட்டால் சட்னி முழுக்கக் கசக்கும்.

பெசரட்டுக்குக் கத்தரிக்காய்க் கொத்சு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கால் கிலோ. காம்பு முள் குத்தும், பார்த்து நறுக்கவும். வெங்காயம் 1, தக்காளி 2, சாம்பார் பொடி 1 டீஸ்பூன், பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 1 டம்ளர் சேர்த்து குக்கரில் 3 விசில் விட்டு, மத்தால் கடைந்து, கடுகு, பெருங்காயம் தாளிக்கவும். இறக்கும்போது சற்றுத் தளர இருக்கட்டும், ஆறினால் இறுகிவிடும்.