வெஸ்தரோஸில் மூன்று நாள்

ஜூலை 3, வியாழன்

வெஸ்தரோஸ், ஸ்வீடன். பழைய அமெரிக்க வண்டிகளுக்காகவே கூட்டம் கூடும் ஊர். பங்கில் செவர்லே, கெடிலாக் எல்லாம் 98 ஆக்டேன் குழாயில்தான் நிற்கின்றன. இங்கே 2021 ஆகஸ்டிலிருந்து 95 ஆக்டேனில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி வெடிப்பு விடும். பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும்.

பெட்ரோல் ஆவியாவதன் விளைவைச் சாயங்கால ஊர்வலத்தில் பார்க்கலாம். நடை வேகத்தில் போகும் வரிசையில் திடீரென ஒரு வண்டி ஓரங்கட்டி பானட்டைத் திறக்கும். இன்ஜினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், சூட்டில் பெட்ரோல் அங்கேயே கொதிக்கும், பம்புக்கு ஆவிதான் கிடைக்கும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றி, ஆறவிட்டால் கிளம்பும். குழாயில் துணி கிளிப் மாட்டுவது வெறும் நம்பிக்கை. நிரந்தர வழி, டேங்க் பக்கத்திலேயே எலக்ட்ரிக் பம்ப் வைத்துத் தள்ளவிடுவது.

ஜூலை 4, வெள்ளி

1965 ஃபோர்டு மஸ்டாங்குகள் வரிசையாக. பெயின்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் சக்கர நட்டை எண்ணட்டும். ஆறு சிலிண்டர் வண்டிக்கு 4, எட்டு சிலிண்டர் வி8-க்கு 5. உள்ளே வி8, சக்கரத்தில் 4 நட்டு என்றால் இன்ஜின் மட்டும் மாறியிருக்கிறது, பிரேக் மாறவில்லை. சேஸிஸ் எண்ணின் ஐந்தாவது இடத்திலும் பார்க்கலாம்: 'டி' (T) ஆறு சிலிண்டர், 'சி' (C), 'ஏ' (A) 289 கன அங்குல வி8, 'கே' (K) அதே 289-இல் 271 குதிரைத்திறன். 'கே' என்றால் விலை எகிறும், போலியும் அதிகம்.

துரு ஒளிந்திருப்பது விண்ட்ஷீல்டுக்கு முன்னால் இருக்கும் காற்றுச் சல்லடைக்கு அடியில். இலை அடைத்து, நீர் தேங்கி, தகடு ஓட்டையாகும். உரிமையாளரைக் கேட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே கார்பெட் நனைந்தால் பேரம் பேசலாம், அல்லது நடையைக் கட்டலாம். மற்ற இடங்களுக்குத் துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். துருவை மறைக்கப் பூசிய பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாமல் வழுக்கும்.

1957 செவர்லே பெல் ஏரில் பெட்ரோல் மூடியைக் காணோம் என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இடது வால்துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் குரோம் பட்டையை இழுத்தால் திறக்கும்.

ஜூலை 5, சனி

பழைய பாகச் சந்தை. கார்புரேட்டர் வாங்கினால் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியே காற்று நுழையும், ஐடிலிங் நிற்காது. ரிப்பேர் கிட் (வாஷர், கேஸ்கெட்) மாற்றினாலும் சரியாகாது, தண்டுக்குப் புஷ் (உலோக வளையம்) அடிக்க வேண்டும்.

ஸ்பேனர் அங்குலக் கணக்கில்தான் வேண்டும். 3/8 அங்குலப் பிரேக் குழாய் நட்டு 9.5 மி.மீ. அதில் 10 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் மூலை மழுங்கி, குழாயையே வெட்டி எடுக்க வேண்டிவரும். மூன்றாவது மேசையில் மழுங்கிய நட்டோடு பிரேக் சிலிண்டர் ஒன்று கிடந்தது, பாதி விலையில்.