தொண்ணூறில் வந்த உதறல்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும்போதுதான் முதலில் கவனித்தேன். பாடாலூர் தாண்டி வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் மெல்ல அதிர ஆரம்பித்தது. 90இல் நன்றாகவே உதறியது. 70க்குக் குறைத்தால் அடங்கிவிடும்.

ஊர் திரும்பியதும் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் வேலை, செய்யக் கொடுத்தேன். இந்த மாதிரி உதறலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நாலு சக்கரத்துக்கும் மெஷினில் பூஜ்யம் காட்டிய பிறகே மாட்டினார்கள். உதறல் போகவில்லை. அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "டிரைவ் ஷாஃப்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். என்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு அது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு ஞாயிறு விடிகாலை, ரோடு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். 90இல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்தேன். என்ஜின் சத்தம் தணிந்தது, உதறல் அப்படியே இருந்தது. சரி, என்ஜின் பக்கம் போக வேண்டியதில்லை. பிரேக்கை மெதுவாக அழுத்தினேன், கூடவில்லை. டிஸ்க் கோளாறு என்றால் பிரேக் பிடிக்கும்போதுதான் காட்டும். ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருந்தால் வண்டி இழுக்கும்போது அதிர்வு கூடி, காலை எடுத்தால் குறைய வேண்டும். இங்கே இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி. திரும்பி வரும்போது தெருவுக்குள் 20, 30 வேகத்தில் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக லேசாக ஆடுவதை மனைவிதான் கண்டுபிடித்தாள். முக்கியமான தடயம் அது. வெறும் பேலன்ஸ் குறை அவ்வளவு குறைந்த வேகத்தில் தெரியாது.

வீட்டு வாசலிலேயே இடப்பக்கத்து முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டேன். மறுபடி ஓட்டினால் ஸ்டீயரிங் அமைதி, சீட்டுக்கு அடியில் அதிர்வு! கோளாறு அந்த ஒரு சக்கரத்தோடு பின்னால் போய்விட்டது.

முன்டயர்களுக்குக் கல் வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் பின்சக்கரம் கையாலேயே சுற்றும். ஒரு செங்கல்லின் மேல் சாக்பீஸை டயரில் படாதபடி ஒட்டினாற்போல் வைத்துச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் 'சரக்' என்று உரசியது. சாக்பீஸ் தடம் பதிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினால், ரப்பர் உள்ளிருந்து மேடுதட்டியிருப்பது தெரிந்தது. டயருக்குள் இருக்கும் கம்பி பெல்ட் விட்டுப்போயிருக்கிறது. மெஷின் எடை சமமா என்று மட்டும்தான் பார்த்தது, வட்டம் சரியா என்று பார்க்கவில்லை. சுற்றும்போது யாராவது டயரைக் கண்ணால் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண் 1617, அதாவது 2017இன் 16ஆவது வாரம் செய்த டயர். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், தேயாமல் நன்றாக இருந்ததால் வயதை நான் யோசிக்கவே இல்லை. இப்படி விட்டுப்போன டயர் ஓட்டத்திலேயே வெடிக்கலாம். அதில்தான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சென்னை போய் வந்தோம் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்று மாலையே ஸ்டெப்னியை மாட்டி, 50ஐத் தாண்டாமல் டயர் கடைக்குப் போனேன். அதே வயதுள்ள ஜோடி டயரையும் சேர்த்து மாற்றினேன். கழற்றிய டயர் செகண்ட் ஹேண்டாக வேறு யாருடைய வண்டிக்கும் போய்விடக் கூடாது என்று, பக்கச் சுவரை என் கண்முன்னே கத்தியால் கிழிக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.